பிரேக்கில் ஆயில் இருக்கிறதா

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்வி. முப்பத்தைந்து வருடம் வண்டி பார்த்தீர்களே, அதில் சிறந்த வண்டி எது என்று. இத்தனை நாள் ஏதாவது சொல்லி நழுவிக்கொண்டிருந்தேன். அந்த வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் வலது கை ஆள்காட்டி விரல் பிசுபிசுக்கிற மாதிரி இருக்கும், வேட்டியில் துடைத்துக்கொள்வேன். போகட்டும், இன்று சொல்லிவிடுகிறேன்.

நம் வேலையை ஒரு வரியில் சொல்வதானால், வண்டி எப்படி இருக்கிறதென்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும், போவோம், பார்ப்போம், எழுதுவோம். எதை எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை. கையெழுத்துப் போடும் அந்த நிமிடத்தில் மனசு என்னென்ன திருட்டுத்தனம் செய்யும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது ஒரு வேலை வந்தது. மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளத்துக்குள் இருக்கும் ஒரு ஷெட்டில் அமெரிக்கக் கார் ஒன்று நிற்கிறது, பார்த்து மதிப்புப் போட வேண்டும் என்றார்கள். ஐம்பதுகளின் கடைசியில் செய்த சொகுசுக் கார். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே போனை எடுத்து அதன் படத்தைத் தேடுவீர்கள், நான் பேசுவது உங்கள் காதில் விழாது.

உப்பளத்துக்குள் கார் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கரையில் இரும்புக்கு ஆயுசு கிடையாது. வீட்டு ஜன்னல் கம்பி மூன்று வருடத்தில் பொரிந்து உதிரும். சைக்கிளை வெளியே விட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கார் அங்கே என்ன ஆகியிருக்கும்? வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே தரை ஓட்டையாக இருக்கும், ஓட்டையை அடைக்கப் பட்டி பூசியிருப்பார்கள் என்று போகும்போதே முடிவு செய்துவிட்டேன். காரின் சொந்தக்காரர் ரெஜினா டீச்சர், எழுபதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர் என்று சொல்லியிருந்தார்கள். அவர் முகத்துக்கு நேரே உங்கள் கார் துருப்பிடித்த கூடு என்று எப்படிச் சொல்வது என்பதுதான் வழியெல்லாம் என் பயம்.

ஸ்கூட்டரில் என் பின்னால் என் மனைவி வசந்தா உட்கார்ந்திருந்தாள். பெரிய முதலியார்சாவடியில் அவள் தங்கை வீட்டில் மறுநாள் காதுகுத்து. வேலையை முடித்துவிட்டு அப்படியே அங்கே போய்விடலாம் என்று திட்டம். திண்டிவனத்திலிருந்து வருவதற்குள்ளேயே அவளுக்கு முழங்கால் வலி. இன்னும் எவ்வளவு தூரம் என்று நாலு தடவை கேட்டுவிட்டாள்.

ஷெட்டு வாசலில் டீச்சர் காத்திருந்தார். கதவைத் தள்ளியதும் சுண்ணாம்பு வாடை வந்தது. தரையெல்லாம் தகரத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு. காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும் என்று விளக்கியவர் ஏழுமலை. உப்பளத்துக்கு உப்புத்தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்கிறவர். டீச்சருடைய அப்பா காலத்திலிருந்து இந்தக் காரும் அவர் பொறுப்பு. சுண்ணாம்பு தூளாகிப் போனதும் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிது வைப்பாராம், மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை. பிறகு வண்டியின் மேலிருந்த துணியை உருவினார்.

மேலே வெண்ணெய் நிறம், கீழே கரும்பச்சை. இன்றைய சின்னக் கார் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால்தான் அந்த நீளம் வரும். பின்பக்கம் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு வைத்த மாதிரி தகடு எழும்பி நின்றது. முன் பம்பரில் என் முகம் தெரிந்தது, அதில் ஒரு கொப்புளம் கூட இல்லை. துணி சுற்றிய காந்தத்தை எடுத்து ஒவ்வொரு தகடாக வைத்துப் பார்த்தேன். பட்டி பூசிய இடத்தில் காந்தம் வழுக்கும், உங்களுக்குத் தெரியும். எங்கேயும் வழுக்கவில்லை. கதவைத் திறந்து மூடினேன். இப்போதைய கார்க் கதவு தகரடப்பா மாதிரி சத்தம் போடும், இது தொப்பென்று ஒரே ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. உள்ளே சோபா மாதிரி முழுநீள சீட். டாஷ்போர்டில் இருந்த கடிகாரம் சரியான மணி காட்டியது.

சாக்கை விரித்து அடியில் படுத்தேன். டார்ச் அடித்து, ஸ்குரூடிரைவர் பிடியால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனேன். ஒரு செதில் உதிரவில்லை. அடிப்பாகம் முழுக்க எண்ணெயும் கிரீஸும் கலந்து வருடக்கணக்கில் பூசியிருந்தது. கேபிள், கீல், ஸ்பிரிங் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. "உப்புக்கு எண்ணெய்தான் சார் மருந்து. எஞ்சினுக்கு எப்படிப் பாக்கறனோ, இதுக்கும் அப்படித்தான்" என்று மேலேயிருந்து ஏழுமலையின் குரல் கேட்டது. அந்தக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள். நசுங்கியதும் எரிந்ததும் மூழ்கியதுமாகவே பார்த்துப் பழகியவனுக்கு முழுசாக ஒன்றைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

என் தப்பு அங்கேதான் தொடங்கியது. நான் ஒரே ஒரு பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போயிருந்தேன், துரு என்கிற பயம். அது இல்லை என்று தெரிந்ததும் எல்லாப் பயமும் விட்டுப் போய்விட்டது. அதன் பிறகு நான் அந்தக் காரைச் சோதித்துப் பார்க்கவில்லை, ரசித்துக்கொண்டிருந்தேன்.

பானெட்டைத் திறந்ததும் பழக்கத்தில் கேட்டேன்.

"பிரேக்ல ஆயில் இருக்குதா?"

"ஃபுல்லா இருக்குது சார். மாசா மாசம் லேசா கொறையும், நான் ஊத்தி வுட்டுடுவேன்."

மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். விளிம்பு வரை இருந்தது. கொஞ்சம் கறுத்திருந்தது, பழசு கறுக்கத்தான் செய்யும் என்று பழந்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டேன். பிரேக்கை மிதித்தேன், கல் மாதிரி நின்றது. பிரமாதம் என்று சொன்னதாகக் கூட ஞாபகம். மாதத்துக்கு ஒரு தடவை உப்பளத்து மண்பாதையில் நடை வேகத்தில் ஓடிவிட்டு நிற்கும் வண்டிக்கு பிரேக் ஆயில் ஏன் குறைய வேண்டும்? இதைத் தொழிலுக்கு வந்து ஒரு வாரம் ஆனவர் கூடக் கேட்பார். நான் கேட்கவில்லை.

மண்பாதையில் மூன்று சுற்று ஓட்டினோம். மிதித்த இடத்தில் நின்றது. டீச்சர் காரை புதுச்சேரியில் இருக்கும் தன் அண்ணன் மகன் வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்திருந்தார். போன புயலில் ஷெட்டுக் கூரை ஆடிய ஆட்டத்தைப் பார்த்த பிறகு அவருக்குத் தூக்கமில்லை. அனுப்புவதற்கு முன் இன்சூரன்ஸுக்காக வண்டியைப் பார்த்து எழுத வேண்டும், அதற்குத்தான் நான். லாரியில் ஏற்றி அனுப்பலாமா, ஓட்டியே கொண்டுபோகலாமா என்று என்னைக் கேட்டார். லாரியில் ஏற்றும்போது கீறல் விழுந்துவிடுமோ என்று அவருக்குக் கவலை. ஓட்டியே போகலாம், தாராளமாக என்றேன். அப்படியானால் இப்போதே கிளம்பிவிடுகிறேன், உங்கள் வீட்டம்மாவும் இதிலேயே வரட்டும், முதலியார்சாவடி வழியாகத்தானே போகிறோம் என்றார் டீச்சர்.

வசந்தா முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை மூக்கில் வைத்திருந்தாள். உப்பளத்துச் சேற்று நாற்றம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு என்னமோ பயமா இருக்குதுங்க. நான் ஸ்கூட்டர்லயே வந்துடறேன்" என்றாள்.

நான் சிரித்தேன். டீச்சர் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "முப்பத்தஞ்சு வருஷமா இதுதான் என் பொழப்பு. நீ ஏறு, கார் கிண்ணுன்னு இருக்குது."

இந்தத் தொழிலில் என்னை இழுத்துவிட்ட மூத்த சர்வேயர் ஒருவர் இருந்தார். அவர் எனக்குச் சொன்ன ஒரே விதி இது: கையெழுத்துப் போடுவதற்கு முன் உன் வீட்டு ஆளை இந்த வண்டியில் ஏற்றுவாயா என்று கேட்டுக்கொள், ஏற்றுவேன் என்றால் போடு. நானும் வாழ்நாள் முழுக்க அதைக் கடைப்பிடித்தவன். அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவே தேவையில்லாமல் போயிற்று, நிஜமாகவே ஏற்றிவிட்டேன். அவள் உட்கார்ந்த பிறகு பானெட் மீது தாளை வைத்து, சாலையில் ஓட்டத் தகுதியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு டீச்சரிடம் கொடுத்தேன். ஏழுமலை ஓட்ட, டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார, வசந்தா பின் சீட்டில் ஒரு மூலையில் ஒடுங்கிக்கொள்ள, கார் மண்பாதையைத் தாண்டி ஈசிஆர் ரோட்டில் ஏறித் தெற்கே திரும்பியது. அந்தத் துடுப்புகள் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாமான்களை எடுத்து வைத்தேன். ஷெட்டைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் கை கழுவலாம் என்று வாசலில் இருந்த குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் எடுத்தேன். அங்கே நல்ல தண்ணீர் அருமை, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மற்ற விரல்களில் தண்ணீர் பரவியது. ஆள்காட்டி விரலில் மட்டும் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. தேய்த்தேன். மறுபடி ஊற்றினேன். மறுபடியும் உருண்டது.

பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். சோப்புக் கூட வேண்டாம், வெறும் தண்ணீர் பட்டாலே போய்விடும். ஆயில் என்று நாம் கூப்பிடுகிறோமே தவிர அது எண்ணெய் கிடையாது.

செம்பு கையிலிருந்து நழுவியது. ஷெட்டுக்குள் ஓடினேன். பலகையில் ஏழுமலையின் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் சாக்பீஸால் பிரேக் என்று அழகாக எழுதியிருந்தது. மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றினேன். எஞ்சின் ஆயில். உப்பளத்து டீசல் எஞ்சினுக்கு ஊற்றுகிற அதே ஆயில். பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் இந்த ஆயிலில் ஊறினால் உப்பிப் போகும். உப்பிய ரப்பர் முதலில் இறுகிக்கொள்ளும், பெடல் கல் மாதிரி நிற்கும். பத்துப் பன்னிரண்டு தடவை நன்றாக மிதித்து, சூடும் ஏறினால் கிழிந்துவிடும். அந்தக் காலத்து வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஒரே பாதை. போனால் நான்கும் சேர்ந்து போகும்.

நான் பயந்தவன் இல்லை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த பயம் எல்லாம் நடந்து முடிந்தவற்றைப் பார்க்கும் பயம். வண்டி நசுங்கிக் கிடக்கும், ரத்தம் காய்ந்திருக்கும், நான் பிறகு போவேன். இது அப்படி இல்லை. இன்னும் நடக்கவில்லை, எந்த நிமிடமும் நடக்கும், அதற்கு என் கையெழுத்து இருக்கிறது. 

போனை எடுத்தேன். வசந்தாவின் போன் ஸ்கூட்டர் டிக்கியில் பலகாரப் பையோடு கிடந்தது எனக்கே தெரியும். ஏழுமலையின் நம்பர் என்னிடம் இல்லை. டீச்சர் நம்பர் இருந்தது. பெயரைத் தேடும்போது அந்த எண்ணெய் விரல் திரையில் வழுக்கி வேறு யாருக்கோ போயிற்று. இடது கையால் அடித்தேன்.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று புரிந்தது. பிரேக் பிடிக்காது, நிறுத்துங்கள் என்று நான் கத்தினால் ஏழுமலை முதலில் என்ன செய்வார்? இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து பிரேக்கை மிதிப்பார். மிச்சம் இருக்கும் ரப்பரும் அதோடு கிழியும். அன்று வெள்ளிக்கிழமை, மணி ஒன்றரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் போகும் வேகத்துக்கு இப்போது கூனிமேட்டை நெருங்கியிருப்பார்கள். பள்ளிவாசலில் ஜும்மா தொழுகை முடிந்து மொத்த ஜனமும் ரோட்டைக் கடக்கும் நேரம். நான் சொல்லப்போகும் முதல் வார்த்தை சரியாக இருக்க வேண்டும்.

டீச்சர் எடுத்தார். சந்தோஷமாக இருந்தார். ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லாம் வண்டியை மெதுவாக்கிக் காரையே பார்க்கிறார்களாம், யாரோ வீடியோ கூட எடுத்தார்களாம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கூனிமேடு வரப்போகிறது என்றார். என் வீட்டுக்காரியிடம் போனைக் கொடுங்கள் என்றேன்.

"வசந்தா" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை இந்தாம்மா என்றுதான் கூப்பிடுவேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவள் அப்பா இறந்த செய்தியைச் சொல்ல வேண்டியிருந்த அன்று ஒருநாள்தான். 

"சொல்லுங்க" என்றாள்.

"நான் சொல்றதை ஒண்ணொண்ணா ஏழுமலைகிட்ட சொல்லு. சாதாரணமா சொல்லு. பிரேக்கு மேல கால் வைக்க வேணாம்னு சொல்லு."

"இப்பத்தான் சொன்னாரு, மிதிச்சா உள்ளே போவுதாம். ரெண்டு வாட்டி மிதிச்சாதான் பிடிக்குதாம்" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது, ஆனால் ஆடவில்லை.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொன்னேன், அவள் சொன்னாள். வேகத்தை எஞ்சினே இழுத்துப் பிடிக்கட்டும் என்று, ஸ்டியரிங் பக்கத்து கியர் லீவரை எல் என்ற எழுத்துக்குத் தள்ளச் சொன்னேன். எஞ்சின் உறுமுவது எனக்குக் கேட்டது. இடது ஓரத்தில் சின்னதாக ஒரு பெடல் இருக்கும், அந்த வண்டிக்கு அதுதான் ஹேண்ட்பிரேக், டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கைப்பிடியை, பெடல் பூட்டிக்கொள்ளாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு அதை மெல்ல மெல்ல அழுத்தச் சொல் என்றேன். சொல்லும்போதே எனக்கு உள்ளே ஒரு கேள்வி. அந்தப் பெடலிலிருந்து பின் சக்கரத்துக்குப் போவது ஒரு கம்பிக் கேபிள். அந்தக் கரையில் நான் பார்த்த நூறு வண்டியில் ஒன்றில் கூட அந்தக் கேபிள் உருப்படியாக இருந்ததில்லை, உப்பில் இறுகிப்போயிருக்கும். இதை நான் சோதித்தேனா? சோதிக்கவில்லை.

அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாரன் விடாமல் அடித்தது. டீச்சர் மாதாவே மாதாவே என்று முணுமுணுப்பது கேட்டது. ஏழுமலை ஜன்னலுக்கு வெளியே, ஓரம் போங்க ஓரம் போங்க என்று கத்தினார். பல பேர் சத்தம் ஒரே சமயத்தில் கிட்டே வந்தது. பிறகு மணலைச் சட்டியில் போட்டுக் கிளறுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் எதுவுமே கேட்கவில்லை. போன் கட் ஆகியிருந்தது.

மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை எப்படி ஓட்டினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. எதிரே வந்த ஆம்புலன்ஸ் ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. அது வேறு எங்கிருந்தோ வேறு எங்கேயோ போயிற்று. அது என்னைக் கடந்து போன பிறகு கொஞ்ச தூரம் நான் வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினேன்.

கூனிமேட்டில் ஊருக்குள் நுழைகிற இடத்தில் கூட்டம் தெரிந்தது. வெள்ளைத் தொப்பிகளுக்கு நடுவே அந்தத் துடுப்புகள். வீடு கட்ட ரோட்டோரம் குவித்திருந்த மணலில் பம்பரைப் புதைத்துக்கொண்டு கார் நின்றது. மணலுக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில்தான் மசூதியிலிருந்து வரும் சந்து. வண்டி நின்ற இரண்டாவது நிமிடம் ஜனம் திரும்பவும் சந்தோஷமாகிவிட்டது, ஆளாளுக்கு போனில் காரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர் டீச்சரைக் கடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருந்தார். "கபராவாதீங்க, பதறாதீங்க, அல்லா புண்ணியத்துல யாருக்கும் ஒண்ணும் ஆவல" என்று என்னிடமும் சொன்னார். வசந்தா டீச்சருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து வரவில்லை.

ஏழுமலை முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சக்கரத்திலிருந்து லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது. என்ன ஆனதென்று சொன்னேன், டப்பாவைப் பார்த்ததைச் சொன்னேன். அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

"சார், நீங்கதானே கேட்டீங்க, பிரேக்ல ஆயில் இருக்குதான்னு. இருக்குதுன்னு சொன்னேன். அதுல ஆயில் தானே சார் ஊத்தணும்?"

அவர் ஊற்றியதற்குப் பெயர் ஆயில். நான் கேட்டதற்கும் பெயர் ஆயில். முப்பத்தைந்து வருடமாக இதே வார்த்தையில் கேட்டு, இதே வார்த்தையில் பதில் வாங்கி, கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தவன் நான். எத்தனை ஷெட்டில் எத்தனை பேர் இதே மாதிரி இருக்குது சார் என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உறக்கம் கலையும். ஏழுமலை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கடைசியில் வண்டியை நிறுத்தியது அந்த ஹேண்ட்பிரேக் கேபிள்தான். வருடக்கணக்கில் அவர் எண்ணெய் விட்டு வைத்திருந்ததால் அது துளி கூட இறுகாமல் வேலை செய்திருக்கிறது. அதைச் சொல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

டீச்சரிடம் போய் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டேன். அதில் எழுதியது தப்பா தம்பி என்று கேட்டார். ஆமாம் டீச்சர், நான் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். இதைச் சொல்ல எனக்கு முப்பத்தைந்து வருடம் ஆயிற்று. அவர் கைப்பையைத் திறந்து, மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வசந்தாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊரைத் தாண்டிய பிறகு, சவுக்குத் தோப்பு வரும் இடத்தில், நீ பயமாக இருக்கிறது என்று சொன்னாயே, நான்தான் கேட்கவில்லை என்று ஆரம்பித்தேன்.

"கேக்கலதான். பயமா இருக்குதுன்னு சொன்னா எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? அந்தச் சக்கரத்துகிட்ட நின்னேன், தோசைக்கல்லுல எண்ணெய் தீயற வாசனை வந்தது. காருக்கு எதுக்கு அந்த வாசனைன்னு தான் எனக்கு பயமா இருந்தது."

நான் ஸ்கூட்டரை ஓரம் கட்டினேன். மேற்கொண்டு ஓட்ட முடியவில்லை. மூன்று சுற்றுக்கே பிரேக் இறுகிச் சூடாகி, உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. காந்தம், டார்ச், ஸ்குரூடிரைவர், முப்பத்தைந்து வருட அனுபவம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நான் கண்டுபிடிக்காததை அவள் வெறும் மூக்கால் கண்டுபிடித்து, அதை என்னிடம் வந்து சொல்லியும் இருக்கிறாள். நான் அதைப் பெண்பிள்ளையின் பயம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

என் மூத்தவர் சொன்ன விதி தப்பில்லை. உன் வீட்டு ஆளை ஏற்றுவாயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளாதீர்கள். வண்டி அழகாக இருந்தால் ஏற்றுவேன் என்றுதான் மனசு சொல்லும். ஏறப்போகிறவர் முகத்தைப் பாருங்கள். பயமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது டிரைவரோ வாசலில் நிற்கும் வாட்ச்மேனோ யாராக இருந்தாலும், எதற்கு என்று கேளுங்கள். பிரேக்கில் ஆயில் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எந்த டப்பாவிலிருந்து ஊற்றினாய், காட்டு என்று கேளுங்கள்.

அந்தக் காரை லாரியில் ஏற்றித்தான் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். பிரேக்கில் இருந்த அத்தனை ரப்பரையும் குழாயையும் மாற்ற மூன்று மாதம் ஆயிற்று. மறுபடி பார்க்க என்னையே கூப்பிட்டார் டீச்சர். வேறு ஆளை அனுப்பச் சொல்கிறேன் என்றதற்கு, தப்பு எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே வாருங்கள் என்றார். வசந்தாவும் வருகிறேன் என்றாள், நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் மகன் வீட்டு வாசலில் கார் நின்றது, ஏழுமலை புது டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். தெருவில் அரை மணி நேரம் ஓட்டி, அடிக்கடி மிதித்து நிறுத்தி, கொண்டுவந்து விட்டேன். பானெட் மேல் தாளை வைத்தேன்.

வசந்தா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். முகர்ந்து பார்த்தாள். அடுத்த சக்கரத்துக்குப் போனாள். முழங்கால் வலியோடு ஒவ்வொன்றாக நான்கையும் குனிந்து முகர்ந்தாள். நான்காவது சக்கரத்திலிருந்து நிமிர்ந்து, கதவைத் திறந்து, பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்தாள். நான் பேனா மூடியை அதற்குப் பிறகுதான் கழற்றினேன்.